முதியோர் இல்லத்திற் பிறந்த கவிதைகள்
(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



முதியோர் இல்லம் என்னும் சொல் சென்ற தலைமுறையில் தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் அரிதாகவே வழங்கிற்று. இன்று அச்சொல்லை வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் வீடுகளிலும் அதன் தேவை உணரப்பட்டுவிட்டது. பிள்ளைகள் பெங்களூரிலோ அயல்நாட்டிலோ பணியாற்றுகின்றனர். ஊரிலிருக்கும் பெரியவருக்கு உணவும் மருந்தும் வேளை தவறாமற் கிடைக்க வேண்டும். அவை கிடைத்துவிட்டாற் கடமை முடிந்தது என்று அமைதி கொள்வோர் பலர். ஆயினும் உணவு உண்ணவும் மருந்து உட்கொள்ளவும் ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஆகும்? மிகுந்துள்ள நீண்ட பகலை அப்பெரியவர் எதனைக்கொண்டு நிரப்புவார்? பெரும்பாலான இல்லங்களில் இவ்வினாவிற்குத் தொலைக்காட்சிப் பெட்டியே விடையாக நிற்கிறது. அதன் எதிரே நாற்காலிகள் வரிசையாக இடப்பட்டிருக்கும். அமர்ந்திருப்போரில் எத்தனை பேர் அதனைக் காண்கிறார்கள் என்பது வேறு செய்தி.

இதே வினாவிற்கு நியூயார்க் நகரில் 1976-ஆம் ஆண்டில் ஒரு கவிஞர் வேறொரு விடை கண்டார். அவர் பெயர் கென்னத் கோக். 1925-இல் பிறந்த அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகப் பணியாற்றியவர். முன்னரே அந்நகரின் தொடக்கப்பள்ளி ஒன்றிற் சிறுவர்களுக்குக் கவிதை எழுதக் கற்பித்து, அப்பட்டறிவை 1970-இல் ஒரு நூலாக வெளியிட்டிருந்தார். ‘விருப்பங்கள், பொய்கள், கனவுகள்’ என்று பொருள்படும் தலைப்புடைய அந்நூல் ஆசிரியர்களிடையே பெரிதும் பேசப்பட்டது. சிறுவர்க்குக் கற்பித்தவர் அடுத்துச் சென்ற இடம், நகரின் கீழைப்பகுதியில் இருந்த ஒரு முதியோர் மருத்துவ இல்லம்.

அங்கு அவரிடம் ஏறத்தாழ இருபத்தைந்து பேர் கற்றனர். எழுபது, எண்பது, தொண்ணூறு வயதினரே பெரும்பாலோர். நோயாலோ முதுமையாலோ உடல் தளர்ந்தவர்கள். சக்கர நாற்காலியில் அமர்த்தி அழைத்துவரப்பட்டவர்கள் சிலர். கண்பார்வை இழந்தவர்களும் இருந்தனர். வாழ்நாள் முழுதும் உழைத்துப் பிழைத்தவர்கள் அவர்கள். துணி வெளுக்கும் கடையிலும் உணவுக்கடை அடுப்படியிலும் பிறர் வீடுகளிலும் வேலை பார்த்தவர்கள், பள்ளிப்படிப்பும் மிகுதியில்லை. கவிதை என்பது தங்களுக்கு உரிய பொருளன்று என்று அவர்களும் எண்ணியிருந்தனர், இல்லத்தில் இருந்தோரும் எண்ணியிருந்தனர். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் என்ற அளவிற் பதினாறு முறை அவ்வகுப்பு கூடிற்று. கேட் ஃபாரல் என்னும் இளங்கவிஞர் அவருக்குத் துணைநின்றார். 1977-இல் அவ்வகுப்பின் வரலாறும் அங்குப் பிறந்த கவிதைகளும் நூலாயின. ‘யாரிடமும் சொன்னதில்லை’ என்று அந்நூலின் தலைப்பைத் தமிழிற் சொல்லலாம்.

தலைப்பே ஒரு பாடத்தின் பெயர்தான். கோக் தம் மாணாக்கர்களிடம், இதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்றை அந்தச் சொற்றொடரோடு தொடங்கிச் சொல்லுமாறு கேட்டார். எண்பது ஆண்டுகள் வாழ்ந்தவர் ஒருவரிடம் இவ்வாறு கேட்பதற்கு ஒரு துணிவு வேண்டும். கேட்டபின் அமைதியாகக் காத்திருப்பதற்கு அதனினும் மிகுந்த துணிவு வேண்டும்.

அவர் கையாண்ட முறையைச் சற்று விரித்துரைப்பது தகும். முதலில், எவரையும் எழுதுமாறு அவர் வற்புறுத்தவில்லை. விரல்கள் எழுதுகோலைப் பற்ற இயலாத நிலையிற் பலர் இருந்தனர். எனவே முதியவர் சொல்லச் சொல்ல, அருகமர்ந்த துணையாளர் எழுதிக்கொண்டார். கவிதை எழுத்தறிவைச் சார்ந்தது என்னும் தடை அந்த நொடியே நீங்கிவிட்டது. வாய்மொழியாகப் பாட்டுக் கட்டிய பாட்டிமார்களின் மரபில் வந்த தமிழர்க்கு இதில் வியப்பில்லை. ஏற்றம் இறைத்தவரும் நாற்று நட்டவரும் தொட்டிலை ஆட்டியவரும் ஏட்டைத் தேடிப் போனதில்லை.

அடுத்து, தொடக்கத்தில் அவர் ஆளுக்கொரு கவிதை கேட்கவில்லை. ஆளுக்கொரு வரிதான் கேட்டார். அவ்வரிகள் அனைத்தையும் தொகுத்து, ஒரே கவிதையாக உரத்துப் படித்துக்காட்டினார். தம் ஒற்றை வரி இருபது பேருடைய வரிகளுக்கிடையில் ஒலிக்கும்போது, சொன்னவர்க்கே அது புதிதாகக் கேட்கிறது. பின்னர் நிறங்களைப் பற்றியும், கண்டவற்றுள் மிக அழகியதைப் பற்றியும், அமைதியான பொழுதுகளைப் பற்றியும் பாடங்கள் தொடர்ந்தன. தம்மைக் கடலாகவே எண்ணிக்கொண்டு பேசுமாறு ஒரு நாள் கேட்டார். இசைத்தட்டை ஒலிக்கவிட்டு, அதைக் கேட்கும்போது மனத்தில் எழுவதைச் சொல்லுமாறு மற்றொரு நாள் கேட்டார். பொதுவாகச் சொல்லப்படுவதை அவர் ஏற்றுக்கொண்டு நிறுத்திவிடமாட்டார். இளமை இனிமையானது என்று ஒருவர் சொன்னால், எந்தத் தெரு, என்ன நிறத்து உடை, அப்பொழுது யார் அருகிலிருந்தார் என்று வினவுவார். அந்த இரண்டாம் வினாவிலேதான் கவிதை வாயில் திறந்தது.

எதுகையும் யாப்பும் வேண்டா என்று அவர் விலக்கிவைத்தார். எதுகையைத் தேடிப் போகுஞ் சொல், சொல்ல வந்த பொருளை விட்டுவிடும் என்பது அவர் கருத்து. தமிழ் பயின்றோர் இதனை அப்படியே ஒப்பமாட்டார்கள், ஒப்பவும் வேண்டா. ஆங்கிலத்தின் இயைபு வேறு, தமிழின் எதுகையும் மோனையும் வேறு. தமிழ்ப் பேச்சிலும் பழமொழியிலும் விடுகதையிலும் மோனை தானே வந்து அமர்கிறது. கல்லாத கிழவியும் மோனையோடுதான் வைகிறாள்! எனினும் புதிதாகச் சொல்ல வருபவரிடம் வெண்பாவின் தளையை எதிர்பார்ப்பது, நடக்கத் தடுமாறுபவரை மதிலேறச் சொல்வது போலாகும் என்ற அளவில் கோக் கூறியது சரியே.

அவர் முறையில் மிக முக்கியமானதாகக் கொள்ளத்தக்கது வேறொன்று. அவர் தம் பணியை மருத்துவம் என்று கருதவில்லை. முதியோரைத் தம் நிலைக்கு ஏற்பப் பழகிக்கொள்ளச் செய்வதே இல்லங்களின் நோக்கம் என்று அந்நாளிற் பலர் பேசினர். கற்பனையும் ஆக்கமும் அற்ற ஒரு வாழ்வுக்குத் தாம் பழகிக்கொள்ள விரும்பமாட்டார் என்றும், தம் மாணாக்கர்களும் விரும்பமாட்டார்கள் என்றும் கோக் மறுத்துரைத்தார். ஆகவே ஒரு வரி நன்றாக அமைந்தால், எது நன்று, எதனால் நன்று என்று அவ்வரியைச் சுட்டிப் பாராட்டினார். ‘இந்த வயதில் இவ்வளவு சொல்கிறீர்களே’ என்னும் பாராட்டு அங்கில்லை. அவ்வகைப் பாராட்டில் மறைந்திருக்கும் இகழ்ச்சியை முதியோர் உடனே கண்டுகொள்வர்.

இதனைத் தொடர்ந்து வேறு நாடுகளிலும் வேறு வழிகளிலும் இம்முயற்சி வளர்ந்தது. அவற்றுள் இரண்டை மட்டும் குறிப்பிடலாம்.

அமெரிக்கக் கவிஞர் கேரி கிளேஸ்னர், நினைவிழப்பு நோயுற்றோர்க்காக 2003-இல் ஒரு கவிதைத் திட்டத்தைத் தொடங்கினார். அதற்கு வித்திட்ட நிகழ்ச்சியை அவரே பலமுறை எடுத்துரைத்திருக்கிறார். முதியோர் பகற்காப்பகம் ஒன்றில், தலை கவிழ்ந்து, சூழ்ந்திருப்போரோடு யாதொரு தொடர்புமின்றி ஒருவர் அமர்ந்திருந்தார். லாங்ஃபெல்லோ இயற்றிய, அந்நாட்டுப் பள்ளிச் சிறுவர் பலரும் மனனம் செய்த ஒரு பாடலின் முதல் வரியைக் கிளேஸ்னர் சொன்னார். கவிழ்ந்திருந்தவர் கண் திறந்தார். அடுத்த வரியைத் தாமே சொன்னார். அதன்பின் கிளேஸ்னர் தம் முறையை வகுத்துக்கொண்டார். ஒரு வரியை அவர் உரத்துச் சொல்வார். குழுவினர் அதனைத் திருப்பிச் சொல்வர். கையைப் பற்றிக்கொண்டும் தாளமிட்டும் சொல்வதுண்டு. பாடலிற் பூ வந்தால் பூவை முகரத் தருவார். இறுதியில் அனைவரும் சேர்ந்து ஒரு புதிய பாடலைச் சொற்சொல்லாகக் கட்டுவர்.

அல்சைமர் நோய் புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் மூளைப் பகுதியை முற்படவே தாக்குகிறது. காலையில் உண்டது மறந்துபோகும். ஆனால் ஆறு வயதில் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் படிந்த பாட்டு, ஓசையோடும் தாளத்தோடும் பிணைந்திருப்பதால், நெடுங்காலம் நிலைத்திருக்கக் காண்கிறோம். நோய் நீங்கிவிட்டது என்பது இதன் பொருளன்று. அவ்வாறு நம்பிக்கையூட்டுவது குடும்பத்தாரை ஏமாற்றுவதாகும். ஒருவரோடு ஒருவர் தொடர்பு கொள்ளச் சில மணித்துளிகள் கிடைக்கின்றன என்பதே இதன் பொருள். தாயின் முகத்தில் தம்மை அறிந்துகொள்ளும் ஒளியைத் தேடிக் களைத்த மகளுக்கு, அச்சில மணித்துளிகள் எத்தகையவை என்பதைச் சொல்லி விளக்க வேண்டுவதில்லை.

இரண்டாமவர் இங்கிலாந்தின் ஜான் கில்லிக். நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவர். 1990-களில் முதியோர் காப்பகங்களில் உறைந்து, நினைவிழப்புற்றோர் பேசுவதைக் கேட்டு எழுதிவந்தார். பிறர்க்குத் தொடர்பற்ற பிதற்றலாகத் தோன்றிய பேச்சிலிருந்து சில பகுதிகளைத் தேர்ந்து, வரி பிரித்துக் கவிதையாக அமைத்தார். விடுவதும் நிரல்படுத்துவதும் உண்டு. தம் சொல்லாக ஒன்றையும் சேர்ப்பதில்லை என்பது அவர் கைக்கொண்ட விதி. அவ்வாறு உருவானவை 1997-இல் முதல் தொகுதியாக வெளிவந்தன. கேட்பவர் ஒருவர் இருந்தால் பிதற்றலும் பேச்சாகும் என்பதற்கு அத்தொகுதி சான்று.

கூட்டாகப் பாடுவது தமிழ் மரபிற்குப் புதிதன்று. இரட்டையர் என்று வழங்கும் இளஞ்சூரியரையும் முதுசூரியரையும் இங்கு நினைக்கலாம். ஒருவர் கால் இழந்தவர், மற்றவர் கண் இழந்தவர். பார்வையற்றவர் தோளில் நடக்கவியலாதவர் அமர்ந்து வழிகாட்ட, இருவரும் ஊர்தோறும் சென்றனர் என்பதும், ஒருவர் பாதி வெண்பாவைத் தொடங்க மற்றவர் எஞ்சிய பாதியை முடித்தார் என்பதும் வழிவழி வரும் செய்தி. கலம்பகமும் உலாவும் பாடியவர்கள் அவர்கள். உடற்குறை உடையோர் இருவர் சேர்ந்தால் ஒரு முழுக் கவிஞர் ஆகலாம் என்பதைத் தமிழ் நெடுங்காலம் முன்பே கண்டிருக்கிறது.

நாலடியாரின் பிறப்பைப் பற்றிய மரபுக்கதையை இவ்வவையினர் நன்கறிவர். விடைபெற்றுச் செல்லும் முனிவர் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு வெண்பா எழுதித் தம் இருக்கையின்கீழ் வைத்துச் சென்றனர். பாண்டியன் அவற்றை வைகையில் எறியச் செய்தான். எதிரேறி வந்த ஏடுகள் நானூறு. வரலாறாகக் கொள்வதா கதையாகக் கொள்வதா என்னும் ஆராய்ச்சி ஒருபுறம் நிற்க, அக்கதையில் ஒரு செய்தி உண்டு. பெயர் பொறிக்காத பலர், புறப்படும் வேளையில், ஆளுக்கு ஒன்று விட்டுச் செல்கின்றனர். தொகுப்பார் தொகுத்தபோது அது நூலாகிறது. தொகுப்பார் இல்லாத ஏடுகள் நீரோடு போயின.

இத்தகைய ஒரு மணி நேரத்தைத் தமிழ் முதியோர் நடுவே நடத்த விழைவோர் சிலவற்றை முன்னரே எண்ணிப்பார்க்க வேண்டும். முதலாவது விளித்தல். இல்லத்துப் பணியாளர் பலர் அன்பினால் அனைவரையும் ‘தாத்தா’, ‘பாட்டி’ என்றே அழைக்கின்றனர். முப்பதாண்டு தலைமையாசிரியராக இருந்தவர் ‘ஐயா’ என்னும் சொல்லுக்குப் பழகியவர். நெற்களத்தில் ஆள்களை ஏவிய பெண்மணி ‘அம்மா’ என்றே அழைக்கப்பட்டவர். எவரை எவ்வாறு அழைப்பது என்று அவரையே கேட்டறிந்த பின்னரே வரி கேட்கவேண்டும்.

இரண்டாவது, வெறுங்கையோடு செல்லலாகாது. முதுமையில் நினைவைத் தொடுவதற்கு வினாவைவிட மணம் விரைந்து உதவுகிறது. பச்சை மஞ்சட் கிழங்கு, ஒரு பிடி நெல், வேப்பம்பூ, பனையோலை விசிறி, பழைய மரக்கால் ஆகியவற்றுள் ஒன்றைக் கையிற் கொடுத்துவிட்டுப் பேசாதிருந்தாற் போதும். மரக்காலைக் கையில் வாங்கும் பெரியவர் தம்மையறியாமலே அதன் விளிம்பை விரலால் வழிப்பார். அளந்த கை அது. அந்த அசைவிலிருந்து முதல் வரி வரக்கூடும். பொருளைப் போலவே பொழுதும் உதவும். விளக்கு வைக்குமுன் உணவை முடிக்கும் வழக்கமுடைய வீடுகளில் வளர்ந்தோரிடம், பொழுது சாயும் அந்த அரைமணி நேரத்தைக் கேட்டாற் போதும்: யார் பரிமாறினார், முற்றத்தில் எவ்வளவு வெளிச்சம் எஞ்சியிருந்தது, தாமதமாக வந்தவர் யார் என்று பலவும் வெளிவரும்.

மூன்றாவது, சிறிது கசப்பானது, தமிழாசிரியர்களுக்கென்றே உரியது. முதியவர் சொல்வதை எழுதும்போது திருத்தும் கை தானாக நீள்கிறது. ‘அவங்க வந்தாங்க, நான் எழுந்திரிக்கல’ என்று ஒரு தாய் சொல்ல, ‘அவர் வந்தார், யான் எழவில்லை’ என்று எழுதுவோமானால், இலக்கணம் பிழைக்கும், அத்தாய் அவ்வரியிலிருந்து வெளியேறிவிடுவார். வந்தாசி என்று அவர் ஊர்ப்பெயரைச் சொன்னால் வந்தாசி என்றே எழுதவேண்டும். செந்தமிழைக் காக்க வேறு இடங்கள் பல உள. ஒருவர் தம் வாயால் ஒரு முறை சொன்னதைக் காக்க அந்தத் தாள் ஒன்றே உள்ளது.

பரிசு, போட்டி, பொன்னாடை, ஒளிப்படம் ஆகியவற்றை அந்த அறையின் வாயிலிலேயே நிறுத்திவிடுதல் நன்று. கவியரங்கங்கள் பல கண்ட நாடு இது, கைதட்டலுக்குக் குறைவில்லை. முதியோர் இல்லத்திற்கு விழா நாளிற் சென்று, இனிப்பு வழங்கி, படமெடுத்துக்கொண்டு திரும்புவோர் ஆண்டுக்கொரு முறை வருவர். பதினாறு வாரம் தவறாமல் வருபவர் ஒருவர் போதும். செலவு ஒரு குறிப்பேடும் எழுதுகோலுமே.

அழுகையைப் பற்றியும் சொல்லவேண்டும். பழையவற்றைக் கிளறினால் முதியோர் அழுதுவிடுவர், ஆதலின் இது வேண்டா என்று சில பொறுப்பாளர்கள் அஞ்சுகின்றனர். அழுவர் என்பது மெய்யே. இறந்த கணவரையும், விற்றுவிட்ட நிலத்தையும், பேச்சு நின்றுபோன உடன்பிறப்பையும் நினைத்து அழுவர். ஆனால் தனித்திருக்கும் இரவில் அவர்கள் அழவில்லை என்று எண்ணுவது அறியாமை. ஒருவர் அழும்போது எழுதுவதை நிறுத்தி அருகில் இருப்பதற்கும், அவர் விரும்பினால் தொடர்வதற்கும், விரும்பாவிடின் அத்தாளை மடித்து அவரிடமே கொடுத்துவிடுவதற்கும் எழுதுபவர் அறிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் கடினமான சிக்கல் ஒன்று எழுகிறது. யாரிடமும் சொல்லாததை ஒரு தாய் சொல்லிவிட்டார். அவ்வரி யாருக்கு உரியது? மகன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். ‘அம்மா என்ன சொன்னார், காட்டுங்கள்’ என்று கேட்கிறார். கட்டணம் செலுத்துபவர் அவரே. ஆயினும் அவ்வரி அவருக்கு உரியதன்று, இல்லத்திற்கும் உரியதன்று, மலரில் அச்சிட விரும்பும் அறக்கட்டளைக்கும் உரியதன்று. சொன்னவரைக் கேட்டு, அவர் இசைந்தாலன்றி அது குறிப்பேட்டைவிட்டு வெளியே போகலாகாது. மகனுக்கு வருத்தம் உண்டாகலாம். தன் தாய்க்குத் தான் அறியாத ஓர் அறை இருந்தது என்பதை ஐம்பது வயதில் அறிவது எளிதன்று. ஆனால் அதனை அறிந்த பின்னர், உணவும் மருந்தும் பற்றியன்றி வேறொன்றைப் பற்றியும் தாயிடம் பேச அவருக்கு ஒரு வழி திறக்கக்கூடும். பெரும்பாலான தாய்மார்கள், தாமே படித்துக்காட்டுமாறு சொல்லிவிடுவர் என்று எதிர்பார்க்கலாம். கேட்காமற் காட்டுவதற்கும் கேட்டபின் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

நினைவிழந்தோரிடம் இந்த இசைவை எவ்வாறு பெறுவது என்னும் வினா இயல்பாகவே எழும். அடுத்த வாரம் அதே தாளை எடுத்துச்சென்று, முன்பு அவர் சொன்ன வரிகளை மெல்லப் படித்துக்காட்ட வேண்டும். தாம் சொன்னது என்பது அவருக்கு நினைவிருக்காது. ‘இதை யார் எழுதியது?’ என்று கேட்பார். ‘நீங்கள் சொன்னீர்கள் அம்மா, சென்ற வாரம்’ என்று சொல்லவேண்டும். நம்பாமல் மறுக்கலாம்; நன்றாயிருக்கிறது என்று பிறர் கவிதையைப் போற்றுவது போலப் போற்றலாம்; இன்னொரு முறை படிக்கச் சொல்லலாம். எத்தனை முறை கேட்டாலும் அத்தனை முறை படித்து, அத்தனை முறையும் அது அவருடையதே என்று சொல்லவேண்டும். தாளின் அடியில் அவர் பெயரை, அவர் படிக்கத்தக்க பெரிய எழுத்தில், முன்னரே எழுதி வைத்திருப்பது நல்லது.